தாமிரபரணித் தண்ணீரும் கான்டாக்ட் லென்சும்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், கண் சிவந்து, வெளிச்சம் பட்டாலே கூசிக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வருகிற இளைஞர்களிடம் நான் முதலில் கேட்பது, லென்ஸோடு அருவியில் நின்றார்களா என்பதைத்தான். பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி அப்படித்தான் வந்தாள். ஐந்தருவியில் குளித்துத் திரும்பிய இரவு லென்ஸ் கழுவி ஊறவைக்கும் சொல்யூஷன் தீர்ந்துபோயிருந்ததால், லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் அதையே அணிந்திருக்கிறாள். "நம்ம ஆத்துத் தண்ணிதான சார், அதுல என்ன இருக்கப்போவுது?" என்றார் உடன் வந்த தாயார்.

தாமிரபரணித் தண்ணீரின் மேல் நமக்குள்ள பெருமிதம் எனக்கும் உண்டு. ஆனால் குடிக்க உகந்த தண்ணீர் வேறு, கிருமி நீக்கிய தண்ணீர் வேறு. ஆறு, கிணறு, குழாய் எதிலும் இருக்கக்கூடிய அகந்தமீபா என்னும் ஒருசெல் உயிரி, இடர் வரும்போது இரட்டைச் சுவருள்ள கூட்டுக்குள் ஒடுங்கிக்கொள்ளும். குடிநீரில் கலக்கும் குளோரின் அதைக் கொல்லப் போதாது. வயிற்றுக்குள் போனால் பொதுவாகத் தீங்கு செய்யாத அது, லென்ஸில் ஒட்டிக்கொண்டு கருவிழியில் உள்ள நுண்ணிய கீறல் வழியே நுழைந்துவிட்டால், மாதக்கணக்கில் சொட்டு மருந்து விட நேரிடும். பார்வையே பறிபோவதும் உண்டு. ஆர்ஓ தண்ணீருக்கும் இது பொருந்தும்.

அவள் கொண்டுவந்த லென்ஸ் டப்பாவைத் திறந்து, பஞ்சுக்குச்சியால் அடிப்பகுதியைத் துடைத்துக் காட்டினேன். பாசிபோல் வழுவழுப்பாக ஒரு படலம் வந்தது. பழைய சொல்யூஷனைக் கொட்டாமல் அதன்மேலேயே புதிதாக ஊற்றி வந்ததன் விளைவு அது. தினமும் கொட்டிவிட்டு, டப்பாவைச் சொல்யூஷனால் அலசி, சுத்தமான டிஷ்யூவால் துடைத்துக் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். 3 மாதத்துக்கு ஒருமுறை டப்பாவையே மாற்ற வேண்டும்.

சோப்பால் கழுவி நன்றாகத் துடைத்த கையில் லென்ஸை வைத்து, 'தேய்க்கத் தேவையில்லை' என்று பாட்டிலில் அச்சிட்டிருந்தாலும், சொல்யூஷன் விட்டு விரல்நுனியால் மெல்லத் தேய்த்து அலசுங்கள். அழுக்கைப் பெயர்ப்பது அந்தத் தேய்ப்புதான். சலைன் என்னும் உப்புநீர் அலச மட்டுமே உதவும், கிருமியைக் கொல்லாது. ஹைட்ரஜன் பெராக்சைடு வகைச் சொல்யூஷனை அதற்குரிய டப்பாவில் குறித்த நேரம் வைத்திருக்காமல் கண்ணில் இட்டால் கண் எரிந்து புண்ணாகும்.

கண் சிவந்தால் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றே மருத்துவரிடம் வாருங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு நோயை மறைத்து உள்ளே வளர்க்கும். கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் தூக்கி எறியாமல் கொண்டுவாருங்கள். எந்தக் கிருமி என்று கண்டறிய ஆய்வகத்துக்கு அவையும் உதவும்.