தன்னார்வலரைத் தொண்டூழியர் ஆக்காதீர்கள்

'விக்கிப்பீடியாவில் தொண்டூழியர்கள் குறைகிறார்கள்' என்ற மாதிரி வாக்கியங்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. குறைந்தது உண்மைதான். ஆங்கில விக்கிப்பீடியாவில் மாதம் ஐந்து திருத்தங்களாவது செய்தவர்கள் 2007-இல் ஏறக்குறைய 50,000 பேர். 2013 வாக்கில் சுமார் 30,000. ஆனால் அவர்களைத் தொண்டூழியர் என்பது தப்பு.

தொண்டூழியர் என்று மொழிபெயர்க்கப்படும் 'வாலண்டியர்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன். விருப்பம் என்று பொருள். ஆங்கிலத்தில் முதலில் கட்டாயமில்லாமல் படையில் சேர்ந்தவரைக் குறித்தது. அவ்வளவுதான்.

இப்போது தொண்டூழியரைப் பிரித்துப் பாருங்கள். தொண்டுக்குப் பழைய பொருள் அடிமைப்பணி. இறைவனுக்கு ஆட்பட்ட நாயன்மார்களைத் திருத்தொண்டர் என்பது அழகு, ஏனென்றால் அங்கே ஆட்படுவதுதான் பக்தி. ஒரு கட்டுரையில் பிழை திருத்த வந்தவர் யாருக்கும் ஆட்பட்டவர் இல்லை. ஊழியர் என்றாலோ இன்றைக்குச் சம்பளம் வாங்குபவர். மூலச்சொல்லின் உயிரான விருப்பம் இரண்டு பாதியிலும் கிடையாது. சிலர் அதைச் சரிக்கட்ட 'தன்னார்வத் தொண்டூழியர்' என்று எழுதுகிறார்கள். இரண்டு சொல்லை ஒட்டியும் பொருள் வராததால் மூன்றாவதைச் சேர்ப்பதா மொழிபெயர்ப்பு?

சொல் பிசகினால் காரணமும் பிசகித் தெரிகிறது. தொண்டூழியர் விலகினார் என்றால், கடமையைக் கைவிட்டார், அர்ப்பணிப்பு போதவில்லை என்று வாசகர் எடுத்துக்கொள்வார். ஆங்கில விக்கிப்பீடியா பற்றி 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிய காரணம் வேறு. நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களின் திருத்தங்களும் முன்பைவிட அதிகமாக நிராகரிக்கப்பட்டன. தரம் காக்க வந்த தானியங்கிக் கருவிகளுக்கு அதில் பங்கு உண்டு. விதிகளும் இறுகிவிட்டன, அவற்றை மாற்றுவதில் புதியவர் பேச்சு எடுபடவில்லை. விரும்பி வந்தவர், தான் எழுதியதை மற்றவர்கள் காரணம் சொல்லாமல் நாலு தடவை அழித்தால் போய்விடுவார். அவரைப் பிடித்து வைக்கச் சம்பளமும் இல்லை, நேர்த்திக்கடனும் இல்லை.

அதனால்தான் தன்னார்வலர் என்கிறேன். ஆர்வலர் திருக்குறளிலேயே அன்புடையவர் என்ற பொருளில் உள்ள சொல். 'ஆர்வலர் என்றால் ரசிகர் போலிருக்கிறதே' என்பார்கள். சரி, வெறும் ஆர்வலர் அப்படித் தோன்றலாம். பறவை ஆர்வலர் என்கிறோம். முன்னால் 'தன்' சேர்ந்ததும், யாரும் ஏவாமல் தானே வேலையில் இறங்கியவர் என்பது எல்லோருக்கும் விளங்குகிறது. இவ்வளவு தெளிவாக ஒரு சொல் புழக்கத்தில் இருக்கும்போது, கனமாக ஒலிக்கிறது என்பதற்காக மொழிபெயர்ப்பாளர்கள் ஏன் தொண்டூழியரைத் தேடிப் போகிறார்கள்?