மணிக்கட்டு வெட்டும் தவளை நாக்கும்

கண்ணாடி பொருத்தும் வேலை செய்கிற 26 வயதுத் தம்பி ஒருவர், வலது மணிக்கட்டில் வெட்டுப்பட்டு மூன்று வாரம் கழித்து என்னிடம் வந்தார். அன்றைக்கே வேறோர் இடத்தில் தையல் போட்டு, பிரித்தும் ஆகிவிட்டது. தழும்பு நன்றாக ஆறியிருந்தது. "கட்டைவிரலும் அடுத்த ரெண்டு விரலும் மரத்தே கிடக்கு சார். சட்டை பட்டன் போட முடியல. ரத்தம் நின்னுடுச்சு, நரம்புக்கு ஒண்ணும் இல்லன்னுதானே சொன்னாங்க?"

குழப்பம் அந்தச் சொல்லிலேயே தொடங்குகிறது. ஊசி போட "நரம்பு கிடைக்கல" என்கிறோம், அது ரத்தக்குழாய். சுளுக்கினால் "நரம்பு இழுத்துக்கிச்சு" என்கிறோம். அது பெரும்பாலும் தசையும் தசைநாணும். யாழின் தந்தியும் பழந்தமிழில் நரம்புதான். கிரேக்கர்களும் இப்படித்தான்: 'நியூரான்' என்ற சொல் அவர்களுக்கு முதலில் தசைநாணையும் வில்லின் நாணையும் குறித்தது.

அந்தத் தம்பிக்கு அறுந்திருந்தது உணர்வையும் அசைவையும் கொண்டுசெல்லும் உண்மையான நரம்பு. மணிக்கட்டின் நடுவில், தோலுக்குக் கொஞ்சம் கீழேயே ஓடுவது. "இவ்வளவு நாள் ஆச்சே, தானா ஒட்டியிருக்காதா?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல 1850-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு அகஸ்டஸ் வாலர் என்ற ஆங்கிலேய மருத்துவர் தவளையின் நாக்குக்குப் போகும் நரம்புகளை வெட்டிவிட்டு, நாள்தோறும் நுண்ணோக்கியில் பார்த்தார். தவளையின் நாக்கு மெல்லியது, ஒளி ஊடுருவும். வெட்டுக்கு அப்பால், நாக்குப் பக்கம் இருந்த இழைகள் சில நாட்களில் துண்டுதுண்டாகி, பிறகு மணிமணியாக உதிர்ந்தன. மூளைப் பக்கம் இருந்தவை பெரும்பாலும் அப்படியே இருந்தன. ஆக, அந்த இழையைப் பிழைக்கவைப்பது வேறெங்கோ இருக்கிறது. அதிலிருந்து துண்டிக்கப்பட்டால் இழை செத்துவிடும்.

இது என் மேசையில் இன்றும் பயன்படுகிற பாடம். வெட்டுப்பட்ட இரண்டாம் நாளே நரம்பு மின்பரிசோதனை செய்தால், வெட்டுக்குக் கீழே இருக்கும் பகுதி இன்னும் மின்னோட்டத்துக்குப் பதில் சொல்லும். அதை மட்டும் பார்த்துவிட்டு நரம்பு நன்றாக இருக்கிறது என்று முடிவுசெய்தால் தவறாகிவிடும். இழை சாகச் சில நாட்கள் எடுக்கும்.

ஆனால் அந்த 'வேறெங்கோ' எது? அன்றைய நுண்ணோக்கியில் மூளையும் தண்டுவடமும் சிக்குப்பிடித்த நூல்கண்டு போலத்தான் தெரிந்தன. செல்கள் தெரிந்தன, இழைகள் தெரிந்தன. எது எதனுடையது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே வலை என்று பெரிய அறிஞர்களே நம்பினார்கள்.

இத்தாலியில் மிலான் நகருக்குப் பக்கத்தில் அப்பியாத்தேகிராசோ என்ற சிற்றூர். தீராத நோயாளிகளுக்கான மருத்துவமனை ஒன்றில் கமிலோ கோல்ஜி தலைமை மருத்துவராக இருந்தார். ஆய்வுக்கூடம் கிடையாது, சமையலறையையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். மூளைத் துண்டுகளைப் பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறவைத்துக் கெட்டிப்படுத்தி, பிறகு வெள்ளி நைட்ரேட்டில் போட்டார். 1873-இல் அதன் பலனை வெளியிட்டார். மஞ்சள் பின்னணியில், ஒருசில செல்கள் மட்டும் கிளையோடும் இழையோடும் கன்னங்கரேலென்று முழுசாகத் தெரிந்தன. பல கொடிகள் பின்னிக் கிடக்கும் பந்தலில் ஒரே ஒரு கொடி மட்டும் வேரிலிருந்து நுனிவரை கறுத்துப்போனால் எப்படித் தெரியுமோ, அப்படி. எல்லா செல்களும் கறுத்திருந்தால் வெறும் கரிக்கட்டியாகத்தான் இருந்திருக்கும். ஏன் சில செல்கள் மட்டும் சாயம் ஏற்கின்றன என்பது இன்றும் முழுதாக விளங்காத விஷயம்.

இவ்வளவையும் கண்ணால் பார்த்த கோல்ஜி, கடைசிவரை வலைக் கொள்கையைத்தான் நம்பினார். மாற்றிச் சொன்னவர் ஸ்பெயினின் சந்தியாகோ ரமோன் இ காஹால். 1887-இல் மாட்ரிடில் லூயிஸ் சிமார்ரோ என்ற மருத்துவர் காட்டிய, கோல்ஜி முறையில் சாயமேற்றிய ஒரு கண்ணாடித் தகட்டைப் பார்த்ததிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை. வளர்ந்த மூளையில் இழைகளுக்கு மேல் கொழுப்புறை மூடியிருப்பதால் சாயம் சரியாக ஏறாது. உறை போர்த்துவதற்கு முன்பே பார்த்துவிட்டால்? கோழிக்குஞ்சையும் முட்டைக்குள் இருக்கும் கருவையும் எடுத்துக்கொண்டார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இந்த யோசனைதான். 1888-இல் பார்சலோனாவில் சொந்தக் காசில் ஓர் இதழை அச்சிட்டு, தான் கண்டதை எழுதினார். பறவையின் சிறுமூளையில் இழைகள் அடுத்த செல்லை நெருங்குகின்றன, தழுவுகின்றன, ஆனால் கலக்கவில்லை; ஒவ்வொரு செல்லும் தனி. அடுத்த ஆண்டு பெர்லினில் நடந்த உடற்கூறியல் அறிஞர்களின் மாநாட்டுக்குத் தகடுகளோடு போய், அத்துறையில் பெரும் மதிப்புப் பெற்றிருந்த 72 வயது கோலிக்கரைத் தன் நுண்ணோக்கிக்கு அழைத்துவந்து காட்டினார். கோலிக்கர் ஒத்துக்கொண்டார். 1891-இல் வால்டையர் என்ற ஜெர்மானிய உடற்கூறியல் அறிஞர் அந்தத் தனிச் செல்லுக்கு 'நியூரான்' என்று பெயர் வைத்தார். 1906-இல் கோல்ஜியும் காஹாலும் ஒரே நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். கோல்ஜி தன் உரையில் நியூரான் கொள்கையை மறுத்தே பேசினார்.

காஹால் கோழிக் கருவில் இன்னொன்றையும் கண்டார். வளரும் இழையின் நுனி கூம்பு போலப் பருத்து, வழி தேடி முன்னேறுகிறது. அறுந்த நரம்பிலும் இதுதான் நடக்கிறது. விரல் நுனியின் உணர்வைக் கொண்டுவரும் செல்லின் உடல் கழுத்துத் தண்டுவடத்தின் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து விரல் வரை ஒரே இழை. வெட்டுக்குக் கீழே இருப்பது செத்துவிடும். மேலே இருப்பது புதிதாக முளைத்து, பழைய உறைக்குள் புகுந்து, நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வேகத்தில் விரலை நோக்கி வளர வேண்டும். இரு முனைகளும் விலகிக் கிடந்தால் அதற்கு வழி தெரியாது. அதனால்தான் தைக்க வேண்டும், சீக்கிரம் தைக்க வேண்டும்.

ஆகவே கண்ணாடியோ அரிவாள்மனையோ மணிக்கட்டைக் கிழித்தால், சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள் வேண்டாம். மரப்பு ஊசி போடுவதற்கு முன்பே, கண்ணை மூடச் சொல்லி ஆள்காட்டி விரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் மெல்லத் தொட்டு, மறு கையோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கேளுங்கள். ஊசி போட்ட பிறகு எல்லாமே மரத்துவிடும், அந்தச் சோதனைக்குப் பயனில்லை. ரத்தம் நின்றதும் விரல் அசைவதும் நரம்பு நன்றாக இருப்பதற்குச் சாட்சி ஆகாது.

அந்தத் தம்பிக்கு அந்த வாரமே அறுவை சிகிச்சை நடந்தது. மாதந்தோறும் வருவார். தழும்பிலிருந்து விரலை நோக்கி மெல்லத் தட்டிக்கொண்டே போவேன். வளரும் நுனி இருக்கும் இடத்தில் விரலில் மின்சாரம் பாய்வது போலச் சுரீரென்று உணர்வார். மூன்றரை மாதத்தில் அந்த இடம் உள்ளங்கை நடுவுக்கு வந்திருந்தது. ஸ்கேல் வைத்து அளந்தேன், 7 சென்டிமீட்டர். அங்கே பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். அவர் இடது கையால் போனை எடுத்து அதைப் படம் பிடித்துக்கொண்டார்.