டிபி நோயாளிக்கு மாதம் ரூ.1,000: பணம் எப்படி வரும், எங்கே தடைபடும்?

காசநோய் பெரும்பாலும் ஆறு மாத மாத்திரையில் குணமாகிவிடும். அப்படியும் இறந்துபோகிறவர்களில் பெரும்பாலோர் முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே போய்விடுகிறார்கள். உடம்பில் சத்து இல்லாததுதான் முக்கியக் காரணம். ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறப்பு ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது. சாப்பாடும் சிகிச்சைதான்.

அதற்காகத்தான் மத்திய அரசின் நிக்‌ஷய் போஷன் திட்டம். 2018 ஏப்ரலில் மாதம் ரூ.500 என்று தொடங்கியது, 2024 நவம்பர் முதல் ரூ.1,000 ஆனது. நோய் உறுதியானதும் ரூ.3,000, சிகிச்சையில் 84 நாள் முடிந்ததும் இன்னொரு ரூ.3,000 என்று இரண்டு தவணையாக முன்கூட்டியே வங்கிக் கணக்கில் போடுகிறார்கள். சிகிச்சை ஆறு மாதத்தைத் தாண்டினால் மாதாமாதம் தொடரும். வருமானச் சான்று தேவையில்லை.

தனியாரில் வைத்தியம் பார்ப்பவர்களுக்கும் இது உண்டு. பலருக்கு இது தெரிவதில்லை. நோயாளியின் விவரத்தை அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் எல்லா மருத்துவர்களுக்கும் கட்டாயம். அரசின் காசநோய்ப் பதிவேட்டில் பதிவு செய்தால்தான், நோயாளிக்கான அடையாள எண்ணான நிக்‌ஷய் எண் கிடைக்கும். எண் இல்லாவிட்டால் பணமும் இல்லை. மருந்துச் சீட்டு வாங்கும்போதே எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பணம் நிற்பது பெரும்பாலும் வங்கியில்தான். கணக்கு பல மாதம் இயங்காமல் கிடக்கும். பாஸ்புக்கில் ஒரு பெயர், ஆதாரில் வேறு பெயர் இருக்கும். ஐஎஃப்எஸ்சி எண்ணில் ஓர் எழுத்து மாறியிருக்கும். பாஸ்புக்கின் முதல் பக்க நகலையும் ஆதார் நகலையும் முதல் வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்துவிட்டு, பதிவானதைக் கையோடு சரிபாருங்கள். சந்தேகத்துக்கு 1800-11-6666, கட்டணமில்லை.

மாதாமாதம் எடை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பெரியவர்களுக்கு மாத்திரை எண்ணிக்கையே எடையை வைத்துத்தான்: 35 முதல் 49 கிலோ வரை தினம் மூன்று, 50 முதல் 64 வரை நான்கு. நன்றாகச் சாப்பிட்டு 48 கிலோ 54 ஆகிவிட்டால் அளவையும் மாற்ற வேண்டும்.

தமிழ்நாட்டில் 2022 முதல் காசநோய் இறப்பில்லாத் திட்டமும் நடக்கிறது. இதில் நோய் உறுதியானதுமே ஆபத்தான நிலையில் இருப்பவர்களைப் பிரித்தெடுத்து மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். பிடிமானம் இல்லாமல் நிற்க முடியாதவர், நிமிடத்துக்கு 24 முறைக்கு மேல் மூச்சு வாங்குபவர், ஆக்ஸிஜன் அளவு 94-க்குக் கீழே இறங்கியவர், உடம்பு எலும்பாகிக் கால் இரண்டும் வீங்கியவர் யாரும் வீட்டிலிருந்து மாத்திரை சாப்பிட்டால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. அன்றே படுக்கை கேளுங்கள்.