நெகிழ்வது வேறு, மீள்வது வேறு

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ மின்சாரம் பற்றிக் கூட்டம் வைத்தால், பதாகையில் 'நெகிழ்திறன் மிக்க மின் கட்டமைப்பு' என்று போட்டுவிடுகிறார்கள். 'ரெசிலியன்ஸ்' என்பதற்கு அதுதான் தமிழாம். பிழையான சொல்; 'மீள்திறன்' என்பதுதான் சரி. கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

மூலச் சொல் லத்தீன். திரும்பத் துள்ளுவது என்று பொருள். 1973இல் ஹொலிங் என்ற கனடியச் சூழலியலாளர் அதைச் சூழலியலில் நிலைநிறுத்தினார். பிறகு அனர்த்த முகாமைத்துவத்துக்கும் மின்துறைக்கும் வந்தது. பெரிய அடி விழும்போது கட்டமைப்பு எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது, விழுந்தால் எவ்வளவு கெதியாகத் திரும்பி வருகிறது என்பதுதான் மின்துறையில் அதன் பொருள்.

சரி, 'நெகிழ்' என்றால் என்ன? தளர்வது, இளகுவது, கழல்வது. சங்கப் பாட்டில் தலைவியின் வளை நெகிழ்கிறது என்றால் பிரிவால் அவள் மெலிந்துபோனாள் என்று அர்த்தம். மின்கம்பி நெகிழ்ந்தால் தொய்ந்து, வாடைக்காற்றில் ஒன்றோடொன்று உரசி, பொறி பறந்து ஊரே இருளும். திருத்த வேண்டிய பழுதின் பெயரையா திறனுக்கு வைப்பது?

இன்னொரு சிக்கலும் உண்டு. 'பிளெக்சிபிலிற்றி' என்று மின்துறையில் தனியே ஒன்று இருக்கிறது. மன்னாரில் 2020இல் திறந்த தம்பபவனி காற்றாலைகளின் உற்பத்தி காற்றோடு ஏறி இறங்கும். அதற்கு ஏற்ப மற்ற நிலையங்கள் கூட்டிக் குறைப்பதுதான் நெகிழ்வு. அதற்கு அந்தச் சொல் அளவாகப் பொருந்துகிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டால், ஒரே அறிக்கையில் இரண்டும் வரும்போது வாசிப்பவர் எதை எதுவென்று எடுப்பார்? மொழிபெயர்த்தவர் அகராதியைப் பார்த்தாரே தவிர, விஷயத்தைப் பார்க்கவில்லை.

2025 பெப்ரவரி 9ஐ நினைத்துப் பாருங்கள். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதற்கு நாடு முழுக்கக் கரண்ட் நின்றது. ஞாயிறு பகல், பாவனை குறைவு, சூரிய மின்சாரம் அதிகம். அதனால் சுழன்றுகொண்டிருந்த பெரிய இயந்திரங்கள் குறைவு; அதிர்ச்சியை உள்வாங்க அவற்றின் சடத்துவம், அதாவது சுழற்சியைச் சட்டென விடாத இயல்பு, போதவில்லை. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் நின்றுபோனதால் அடுத்த நாட்களிலும் மின்வெட்டு. அன்று குறைவாக இருந்தது மீள்திறன். நெகிழ்வு என்று சொன்னால் நடந்தது விளங்காது.

'மீள்தன்மை' சரிவராது. இறப்பரும் வில்லும் இழுத்துவிட்டால் பழைய நிலைக்கு வருவதற்குப் பௌதிகப் பாடத்தில் அது ஏற்கெனவே உரிய சொல். 'மீண்டெழும் தன்மை' பரவாயில்லை, ஆனால் அந்தத் 'தன்மை'தான் எனக்குக் கோபம். தன்மை என்றால் கூடப்பிறந்தது. திறன் என்றால் காசு போட்டு, ஆள் வைத்து உண்டாக்குவது. வன்னிச் சனம் மண்ணெண்ணெய்கூட அரிதாகிப்போன போர்க்காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டது. அதைச் சொல்லி 'மீண்டெழும் தன்மை கொண்ட மக்கள்' என்று மேடையில் புகழ்கிறார்கள். மக்களிடம் அது இருக்கிறதுதான். கேள்வி கம்பியைப் பற்றியது: காட்டுக்குள்ளால் ஒற்றை வழியாக வரும் லைனில் மரம் விழுந்தால் மாற்று வழி உண்டா, மேலதிக மின்மாற்றி பக்கத்தில் இருக்கிறதா, இரவில் வர ஆள் இருக்கிறதா? இவை மூன்றையும் கேட்க வைக்கும் சொல் மீள்திறன்.