முதல் சீட்டு எடுத்த பேண்டுக்கு ஏன் மார்க் குறைகிறது?

பேண்டு வாத்தியப் போட்டி முடிந்ததும் தோற்ற செட்டில் கேட்கும் முதல் வார்த்தை, "நடுவர் அவங்க ஆளு" என்பதுதான். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நடுவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் தீர்ப்பு கோணிப்போக வேறு வழிகள் இருக்கின்றன. மலையில் நடக்கும் போட்டியில் அவற்றோடு குளிரும் சேர்ந்துகொள்ளும்.

வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருப்பதால் குன்னூர்க்காரர்களுக்கு ராணுவ பேண்டின் சத்தம் புதிதல்ல. கோயில் பவனி, கிறிஸ்துமஸ், சுதந்திர தின அணிவகுப்பு என்று நீலகிரியில் பித்தளைக்கு வேலை இருந்துகொண்டேதான் இருக்கும். போட்டி நடத்தும் முறைக்கு மட்டும் இங்கிலாந்தைப் பார்க்க வேண்டும். மான்செஸ்டரின் பெல் வூ பூங்காவில் 1853-லிருந்தும், லண்டன் கிரிஸ்டல் பேலஸில் 1860-லிருந்தும் ஆலை, சுரங்கத் தொழிலாளர்களின் பேண்டுகள் மோதிக்கொண்டன. அங்கே ஊறிப்போன வழக்கம் ஒன்று உண்டு: நடுவர்கள் நாலு பக்கமும் மூடிய கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார்கள். மேடையில் நிற்பது எந்த ஊர் பேண்டு என்று அவர்களுக்குத் தெரியாது. எழுதி முடித்துத் தயாரானதும் உள்ளிருந்து விசில் வரும், அடுத்த பேண்டு தொடங்கும். வரிசை சீட்டுக் குலுக்கலில் முடிவாகும். பெரும்பாலான போட்டிகளில் எல்லோரும் வாசிப்பது ஒரே பாடல்.

பாடல் ஒன்றாக இருப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. அவரவர் விருப்பப் பாடல் என்று விட்டால், திரைக்குப் பின்னால் இருக்கும் நடுவருக்கு முதல் நாலு அடியிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

கண்ணை மறைப்பது வெறும் சடங்கு அல்ல. சியா-ஜங் சாய் என்ற ஆய்வாளர் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், பியானோ போட்டிகளின் இறுதிச் சுற்றுக் காட்சித் துண்டுகளைப் பலருக்குக் கொடுத்து, வென்றவர் யார் என்று ஊகிக்கச் சொன்னார். ஒலியை மட்டும் கேட்டவர்களைவிட, ஒலியே இல்லாத படத்தை மட்டும் பார்த்தவர்கள் கூடுதலாகச் சரியாகச் சொன்னார்கள். தொழில்முறை இசைக்கலைஞர்களும் இதற்கு விலக்கல்ல. இறுதிச் சுற்றுக்கு வந்தவர்கள் எல்லோருமே கிட்டத்தட்ட சமமாக வாசிப்பவர்கள் என்பதால் ஒலியில் வித்தியாசம் குறைவு என்று இதற்குப் பதில் சொல்லலாம். அந்தப் பதில் நம் கவலையைக் கூட்டவே செய்கிறது: நெருங்கிய போட்டியில்தான் புதுச் சீருடையும் பளபளக்கும் பெரிய ஊதுகுழலான டியூபாவும் மார்க் வாங்கித் தருகின்றன.

திரை கட்டினால் எதைக் கட்டுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். கனத்த ஜமக்காளமோ தார்ப்பாயோ உயர்ந்த அதிர்வெண்களை அடக்கிவிடும். ட்ரம்பெட்டின் கூர்மை போய்விடும், பேஸ் டிரம் மட்டும் அப்படியே வரும். மெல்லிய வேட்டித் துணி போதும், ஒலி ஏறக்குறைய முழுசாக உள்ளே வரும். கூண்டு மேடைக்கு நேர் எதிரே, நடுவில் இருக்க வேண்டும். பித்தளை வாத்தியத்தின் உயர்ந்த ஒலிகள் அதன் வாய் நோக்கும் திசையிலேயே கூடுதலாகப் பாயும், கீழ் ஒலிகள் எல்லாப் பக்கமும் பரவும். கூண்டு ஓரமாக இருந்தால், ட்ராம்போன்களை எதிர்ப்பக்கம் நிறுத்திய பேண்டு காரணமே இல்லாமல் மங்கலாகக் கேட்கும். முன்வரிசை நிற்க வேண்டிய கோட்டைச் சுண்ணாம்பால் போட்டுவிடுவது நல்லது.

இனி குளிர். பித்தளைக் குழலின் சுருதியை முடிவு செய்வது குழலின் நீளமும், அதற்குள் இருக்கும் காற்றில் ஒலி ஓடும் வேகமும். பூஜ்யம் டிகிரியில் வேகம் நொடிக்கு 331 மீட்டர், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.6 மீட்டர் கூடும். ஊட்டியில் காலை எட்டு மணிக்கு 10 டிகிரி, மதியம் 20 டிகிரி என்று வைத்துக்கொண்டால் வேகத்தில் 1.75 சதவீத வித்தியாசம். ஹார்மோனியத்தில் கறுப்பு வெள்ளை சேர்த்து அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே உள்ள தூரம்தான் ஒரு அரைச்சுரம். அதை நூறு பங்காக்கினால் கிடைப்பது ஒரு சென்ட். இந்த வித்தியாசம் அந்தக் கணக்கில் 30 சென்ட், அதாவது அரைச்சுரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. பழகிய காதுக்கு இது உறுத்தும்.

நடைமுறையில் முழு 30 வராது. வாசிப்பவரின் மூச்சு குழலைச் சூடாக்கும். ஆனால் அது எல்லா வாத்தியத்தையும் ஒரே மாதிரி சூடாக்காது, சிக்கல் அங்கேதான். ட்ரம்பெட் குழலின் நீளம் ஏறக்குறைய 1.4 மீட்டர், டியூபாவின் தம்பி மாதிரியான யூபோனியம் அதில் இரு மடங்கு, பெரிய டியூபா நாலு மடங்கு. சின்னது சீக்கிரம் சூடேறிச் சுருதி ஏறும், டியூபா கீழேயே கிடக்கும். எனவே குளிரில் பேண்டு மொத்தமாக இறங்குவதோடு நிற்பதில்லை, தனக்குள்ளேயே பிசகும். கூண்டுக்குள் இருப்பவருக்கு அது 'பயிற்சி போதவில்லை' என்றுதான் கேட்கும்.

குழலின் நீளத்தைக் கூட்டிக் குறைக்க உதவும் U வடிவத் துண்டான டியூனிங் ஸ்லைடைத் தள்ளிச் சரிசெய்யலாம். 30 சென்ட் ஏற்ற ட்ரம்பெட்டில் குழலை 2.4 சென்டிமீட்டர் குறைக்க வேண்டும். ஸ்லைடுக்கு இரண்டு கால் என்பதால் 1.2 சென்டிமீட்டர் உள்ளே தள்ளினால் போதும். யூபோனியத்துக்கு சுமார் 2.4, டியூபாவுக்கு 4.8. ஏற்கெனவே முழுக்க உள்ளே தள்ளி வைத்திருந்தால் தள்ள இடமே இருக்காது. இதுபோக, மூச்சின் ஈரம் குளிர்ந்த குழலில் நீராகி நடுப்பாட்டில் கொடகொடக்கும். பாட்டு தொடங்குவதற்கு முன் தேங்கிய நீரை வெளியேற்றும் வாட்டர் கீயைத் திறந்து ஊதிவிடாதவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

'மலைக்காற்று மெலிசு, அதனால்தான் சுருதி மாறுகிறது' என்று பலர் சொல்வதில் உண்மை இல்லை. 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். ஆனால் அழுத்தமும் அடர்த்தியும் சேர்ந்தே குறைவதால் ஒலியின் வேகம் மாறுவதில்லை. மாறுவது ஊதுகிறவரின் மூச்சு. கோயம்புத்தூரிலிருந்து அன்று காலைதான் மலை ஏறி வந்த பேண்டுக்கு நீண்ட சுரங்களில் இழுக்கும்.

பரிகாரம் எளிது. ஒவ்வொரு பேண்டுக்கும் மூடிய அறையில் ஒரே அளவு நேரம், இருபது நிமிடம் என்று வைக்கலாம், வாசித்துச் சூடேற்ற இடம் கொடுக்க வேண்டும். அங்கிருந்து மேடைக்கு வந்து நிற்கும் நேரம் மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது. விருந்தினர் பேச்சுக்காகப் பேண்டை மைதானத்தில் நிற்க வைத்தால் சூடேற்றியதெல்லாம் வீண். மூடுபனி இறங்கும் இடம் என்றால் போட்டியைப் பத்து மணிக்கு முன் தொடங்காமல் இருப்பதே மேல்.

குளிர் இல்லாவிட்டாலும் முதல் சீட்டு ராசியில்லாததுதான். பிரஸ்ஸல்ஸில் நடக்கும் ராணி எலிசபெத் இசைப் போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வரும் 12 பேரும் சீட்டு வரிசைப்படி பல நாட்களில் வாசிப்பார்கள். ஃப்ளோரெஸ், கின்ஸ்பர்க் இருவரும் 1996-ல் வெளியிட்ட ஆய்வில், முதல் நாள் வாசித்தவர்கள் பின்னால் வாசித்தவர்களைவிடக் கீழே போவது தெரிந்தது. குலுக்கலில் வந்த வரிசைக்கும் திறமைக்கும் தொடர்பு இருக்க முடியாது. இன்னும் நல்லது வரக்கூடும் என்று நடுவர் உயர்ந்த மார்க்குகளைக் கையிருப்பில் வைப்பதே இதற்கு இயல்பான விளக்கம். போட்டியில் இல்லாத உள்ளூர் பேண்டு ஒன்றை முதலில் வாசிக்க வைத்து, நடுவர்கள் அதற்கு மார்க் போட்டு அளவுகோலை ஒத்துப் பார்த்துக்கொண்டால் இது பெருமளவு குறையும்.

மார்க் வந்த பிறகு கூட்டல். மூன்று நடுவர், மூன்று பேண்டு. முதல் நடுவர் அ, ஆ, இ பேண்டுகளுக்கு முறையே 84, 83, 82 போடுகிறார். இரண்டாமவர் 85, 84, 82. மூன்றாமவர் 70, 78, 90. கூட்டினால் அ 239, ஆ 245, இ 254. மூவரில் இருவர் கடைசி இடம் கொடுத்த பேண்டு கோப்பையோடு வீட்டுக்குப் போகிறது! மூன்றாமவர் தப்பு எதுவும் செய்யவில்லை, அளவுகோலை அகலமாக விரித்துப் போட்டார், அவ்வளவுதான். விரித்துப் போடுகிறவர் கையில் மற்ற இருவரின் தீர்ப்பும் அடங்கிப்போகிறது. மார்க்கை விட்டு இடங்களை மட்டும் கூட்டினால் அ-வுக்கு 5, ஆ-வுக்கு 6, இ-க்கு 7, குறைந்த எண் வெல்லும். மூவர் மார்க்கில் நடு மார்க்கை எடுத்தாலும் அ-தான்.

இடங்களைக் கூட்டுவதிலும் ஓட்டை உண்டு. ஐந்து நடுவர்களில் மூவர் அ, ஆ, இ என்றும், இருவர் ஆ, இ, அ என்றும் வரிசைப்படுத்தினால் ஆ-வுக்கு 8, அ-வுக்கு 9, இ-க்கு 13. வெற்றி ஆ. கடைசியில் வந்த இ போட்டிக்கே வரவில்லை என்று வைத்து மறுபடி கூட்டினால் அ-வுக்கு 7, ஆ-வுக்கு 8. கோப்பை கை மாறிவிட்டது. இப்படி எந்த ஓட்டையும் இல்லாத வரிசைப்படுத்தும் முறை இருக்கவே முடியாது என்பதைப் பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ 1951-லேயே நிறுவிவிட்டார். ஆகவே எந்த முறை என்பதைச் சீட்டு எடுப்பதற்கு முன்பே எழுத்தில் ஒட்டிவிட வேண்டும். மார்க் கைக்கு வந்தபின் முறையைத் தேர்ந்தெடுத்தால் அது வேறு விளையாட்டு.

எத்தனை நடுவர் வேண்டும்? ஒரு நடுவரின் மார்க் உண்மையிலிருந்து வழக்கமாக 2 மார்க் மேலே கீழே அலைகிறது, இரண்டு பேண்டுக்கு இடையே உண்மையான வித்தியாசம் 1 மார்க் என்று எடுத்துக்கொள்வோம். ஒருவரே நடுவர் என்றால் நல்ல பேண்டு வெல்வது நூறில் 64 முறை. மூவர் என்றால் 73, ஒன்பது பேர் என்றால் 86. அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் தனித்தனியாகப் போட்டால்தான் இந்தக் கணக்கு. ஒரே கூண்டுக்குள் மூத்தவர் 'ச்சே' என்று முனகினால் மூவரும் ஒருவராகிவிடுவார்கள். தாளை மடித்துக் கொடுக்கும்வரை பேச்சு கூடாது. வித்தியாசம் அரை மார்க் என்றால், மூன்று நடுவர் இருந்தும் நூறில் 62 முறைதான் சரியான பேண்டு வெல்கிறது. அந்த இடத்தில் தசமப் புள்ளி பார்த்து முதல் பரிசை அறிவிப்பதைவிட, இரண்டு பேண்டுக்கும் பகிர்ந்து கொடுக்கலாம் என்ற விதியை முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளலாம்.