கெசட்டியர்: விவரச்சுவடியா, ஊர்ப்பெயர்ச் சுவடியா?

குடும்ப வரலாற்றைப் பதியும் மென்பொருளில் 'குன்னூர்' என்று தட்டத் தொடங்கினாலே கீழே ஒரு பட்டியல் விரியும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் நீலகிரி, தமிழ்நாடு, இந்தியா எல்லாம் தானாகவே வந்து சேர்ந்துகொள்ளும். இப்படிப் பெயரை எடுத்துக் கொடுக்கும் ஊர்த் தொகுப்புக்குத்தான் கெசட்டியர் என்று பெயர்.

16ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரில் புழங்கிய ஒரு சிறு காசு கெசட்டா. செய்தித்தாளின் விலை அந்தக் காசு என்பதால் தாளுக்கும் அதே பெயர் வந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் அது கெசட் ஆனது. நாம் அரசிதழ் என்கிறோம். கெசட்டியர் என்றால் முதலில் செய்தி எழுதும் ஆள். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் லாரன்ஸ் எச்சர்டு என்ற ஆங்கிலேயர், செய்திகளில் அடிபடும் ஊர்கள் எங்கே இருக்கின்றன என்று தேடிப் பார்க்க அகரவரிசையில் ஒரு நூல் தொகுத்தார். 'கெசட்டியருக்கான விளக்க நூல்' என்ற பொருளில் அதற்குத் தலைப்பு. அப்புறம் ஆளைக் குறித்த சொல் நூலுக்கே பெயராகிவிட்டது.

இந்தியாவில் இந்தச் சொல் இன்னும் பருத்தது. டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்து 1908இல் வெளியான நீலகிரி மாவட்ட கெசட்டியரில் மழை, மண், மக்கள், வரி, வரலாறு எல்லாமே உண்டு. தமிழ்நாடு அரசு இவ்வகை நூலுக்கு வழங்கும் 'விவரச்சுவடி' அருமையான சொல். ஆனால் மென்பொருளுக்குள் இருப்பது பெயரும் இருப்பிடமும் ஆண்டும் மட்டுமே. அதை விவரச்சுவடி என்பது பொருந்தாது. 'இடப்பெயர்' என்று தொடங்கலாமென்றால், இலக்கணத்தில் அது பெயர்ச்சொல் வகைகளில் ஒன்று. ஹட்டி (நீலகிரியில் வாழும் படகர்களின் ஊர்), மந்து (தோடர்களின் குடியிருப்பு), எஸ்டேட் எல்லாவற்றையும் நாம் ஊர் என்றே சொல்கிறோம். ஆகவே 'ஊர்ப்பெயர்ச் சுவடி' என்பதே சரியான சொல் என்று நினைக்கிறேன்.

இந்தச் சுவடியை அப்படியே நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு வெலிங்டன் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே ராணுவக் குடியிருப்பு 1850களில் எழுந்தபோது அதன் பெயர் ஜக்கதலா. பக்கத்துப் படகர் ஊரின் பெயரையே அதற்கும் வைத்துவிட்டார்கள். 1860இல்தான் வெலிங்டன் என்று மாற்றினார்கள். 1850களின் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஜக்கதலா என்று கண்டு அதையே தட்டினால், மென்பொருள் இன்றைய ஜெகதளாவில் புள்ளி வைத்துவிடும். ஒரு சிப்பாயின் மகன் படகர் ஹட்டியில் பிறந்ததாகக் குடும்ப மரம் சொல்லும். நாடு, மாநிலம் எல்லாம் சரியாக நிரம்பியிருப்பதால் யாருக்கும் சந்தேகம்கூட வராது.

இதற்கு வழி இருக்கிறது. கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஊர் ஒரு தனிப் பதிவு. அதற்குள் மாற்றுப் பெயர்களை ஆண்டு எல்லையோடு சேர்க்கலாம்: வெலிங்டன் முதன்மைப் பெயர், ஜக்கதலா 1860க்கு முந்தைய பெயர். ஜெகதளா ஊருக்கு வேறொரு பதிவு. பதிவேட்டில் இருந்த எழுத்துகளை மேற்கோள் பகுதியில் அப்படியே எழுதிவிட வேண்டும். அதை யாரும் திருத்தக் கூடாது. ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்றுத் தளமும் நாம் தட்டியதை ஒரு பக்கமும், அது அடையாளம் கண்ட தரப்படுத்திய ஊரை இன்னொரு பக்கமும் வைத்துக்கொள்கிறது.

பெயர் மாறாத ஊருக்கும் மேலே உள்ள அடுக்கு மாறும். நீலகிரி முதலில் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1830இல் மலையின் பெரும்பகுதி மலபாருக்குப் போய், 1843இல் திரும்பி வந்தது. 1868இல் தனி ஆணையர், 1882இல் தனி கலெக்டர். கூடலூர்ப் பக்கம் 1877 வரை மலபார் வயநாடு. எனவே 1870இல் கூடலூரில் பிறந்த பாட்டனாரின் ஆவணத்தைத் தேடுபவர் மலபார் மாவட்டத்துப் பதிவுகளைப் பார்க்க வேண்டும். அவருக்கு 'நீலகிரி, தமிழ்நாடு' என்று போட்டால் தேடல் தவறான அலமாரிக்குப் போகும். தமிழ்நாடு என்ற பெயரே 1969இல்தான் வந்தது. கிராம்ப்ஸில் 'எதற்குள் அடங்கியது' என்பதற்கும் ஆண்டு கொடுக்க முடியும்.

ஊட்டியின் கதை எழுத்துக்கூட்டிலேயே நீளமானது. 1821இல் சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு வந்த கடிதத்தில் அது வோட்டோகிமண்ட். பிறகு ஊட்டகமண்ட், தமிழில் ஒத்தக்கல்மந்து, உதகமண்டலம். மென்பொருள்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும் ஜெட்காம் வடிவத்தின் 7.0 பதிப்பில் ஒரே ஊர்ப்பெயரை வேறு மொழியிலும் எழுத்திலும் கூடவே கொடுக்க இடம் உண்டு. இரண்டு மென்பொருளும் அந்தப் பதிப்பை ஏற்றால், தமிழில் எழுதினால் ஏற்றுமதியில் தொலைந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

இன்றைய தாலுகா, மாவட்டக் கணக்கில் சேராத அடுக்கு ஒன்றும் இருக்கிறது. படகர்கள் ஊரைச் சொல்லும்போது தாலுகாவைச் சொல்வதில்லை. பொரங்காடு, தொதநாடு, மேக்குநாடு, குந்தை என்று சீமையைச் சொல்வார்கள். பெண் எடுத்த ஊர், கொடுத்த ஊர், சாவுச் செய்தி சொல்லவேண்டிய ஊர் எல்லாம் அந்தக் கணக்கில்தான் நினைவில் நிற்கின்றன. ஹட்டிக்குத் தாலுகாவோடு சீமையையும் இரண்டாவது மேலடுக்காகக் கொடுங்கள். கிராம்ப்ஸ் அதை அனுமதிக்கிறது.

1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து கூடலூர், கோத்தகிரிப் பக்கம் வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களுக்கும் இதே வேலை காத்திருக்கிறது. பிறப்புச் சான்றில் தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் இருக்கும், தாத்தா வாயில் அதன் தமிழ்ப் பெயர்தான் இருக்கும். 1972க்கு முந்தைய தாள்களில் நாட்டின் பெயர் சிலோன். தோட்டத்தின் இரண்டு பெயர்களும் ஒரே பதிவில் வர வேண்டும். தமிழ்ப் பெயரைத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். அது கெசட்டியர்களில் எளிதில் கிடைக்காது.