டாரோ என்றால் சேம்பு

பபுள் டீ கடையில் ஊதா நிறத்தில் தரும் ‘டாரோ’ என்ன பழம் என்று அக்கா மகள் கேட்டாள். பழமில்லை, நம் வீட்டில் வேகவைத்துத் தோலுரித்து மொறுமொறுவென்று வறுக்கும் சேப்பங்கிழங்குதான் என்றேன். உரிக்கும்போது விரலுக்குள் நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடுமே, அதேதான்.

டாரோ பசிபிக் தீவுகளின் சொல். தாஹிட்டியிலும் மாவோரி மொழியிலும் டாரோ, ஹவாயில் கலோ. 18ஆம் நூற்றாண்டுக் கடற்பயணங்களின் வழியே ஆங்கிலத்தில் ஏறி, அங்கிருந்து நம்மிடம் வந்திருக்கிறது. தாவரவியலார் கொலகேசியா எஸ்குலெண்டா என்பார்கள்.

தமிழில் செடிக்குப் பெயர் சேம்பு. பிறகு கிழங்கு மட்டும் ஏன் ‘சேப்பங்’கிழங்கு? வேம்பின் பூ வேப்பம்பூ ஆகிறது. கரும்பின் சாறு கருப்பஞ்சாறு ஆகிறது. அதே கணக்குதான். ‘ம்பு’ வலித்து ‘ப்பு’ ஆக, நடுவில் ‘அம்’ சாரியை சேர்கிறது. செடியையும் இலையையும் சொல்லும்போது சேம்பு, கிழங்குக்குச் சேப்பங்கிழங்கு என்று எழுதினால் போதும். டாரோவும் வேண்டாம், கடைச் சீட்டில் ஒட்டியிருக்கும் ‘அர்வி’ என்ற இந்திப் பெயரும் வேண்டாம்.

மலையாளத்திலும் இது சேம்புதான். கன்னடத்தில் கெசு. அங்கே ககரமாக இருப்பது இங்கே சகரமாவது பல சொற்களில் உண்டு: கன்னடத்தில் காதுக்குக் கிவி, நமக்குச் செவி.

செவி என்றதும் குறுந்தொகையின் 76ஆம் பாட்டு நினைவுக்கு வருகிறது. தலைவன் பிரியப் போகிறான் என்று கேட்டுத் தலைவி கலங்குகிறாள். குளிர்ந்த வாடை மலைச்சரிவில் சேம்பின் இலையை அசைக்கிறது, ‘பெருங்களிற்றுச் செவியின்’ தோற்றத்தில். ஆங்கிலத்தில் இந்தச் செடிக்கு யானைக்காது என்று ஒரு பெயர் உண்டு. அதை மொழிபெயர்த்து ‘யானைக்காதுச் செடி’ என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த உவமையை நம் புலவர் எப்போதோ பாடிவிட்டார், சேம்பு என்ற பெயரோடு சேர்த்தே.

சேனைக்கிழங்கோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டையும் பச்சையாக நறுக்கினால் கை அரிக்கும். கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகளின் வேலை அது. இலையைப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். சேனையின் இலை குடைபோல விரிந்து பல கூறாகப் பிரிந்திருக்கும். சேம்புக்கு ஒரே அகன்ற இலை. அதில் மழைத்துளி விழுந்தால் ஒட்டாது, முத்தாகத் திரண்டு உருளும்.